‘ஒத்தெல்லோ’வைத் திரையில் பார்க்க நடிகர் பட்டியலிலிருந்து தொடங்குவது எப்படி

பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்திவரும் தெரு நூலகத்துக்குத் தேர்வு நேரத்தில் வரும் கல்லூரி மாணவர்கள், ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’ நாடகத்தைப் படித்து முடிக்க நேரமில்லை, பார்ப்பதற்கு ஒரு படம் சொல்லுங்கள் என்று கேட்பது வழக்கம். முன்பெல்லாம் நான் ஒரு படத்தின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவேன். அப்படிப் போனவர்கள் கதையைத் தெரிந்துகொண்டு வந்தார்களே தவிர, நாடகத்தைத் தெரிந்துகொண்டு வரவில்லை. ஒரே ஒரு படத்தைப் பார்த்தவருக்கு வில்லன் இயாகோ என்றால் அந்தப் படத்தின் இயாகோதான் என்றும் நாயகி டெஸ்டிமோனா என்றால் அந்தப் படத்தின் டெஸ்டிமோனாதான் என்றும் மனத்தில் உறைந்துவிடுகிறது. ஆகவே இப்போது வேறு வழி சொல்கிறேன். நான்கைந்து படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எதையும் ஓடவிடுவதற்கு முன்னால் அவற்றின் நடிகர் பட்டியல்களை ஒரே தாளில் அருகருகே எழுதுங்கள். அதன் பிறகு பாருங்கள். ஒத்தெல்லோவுக்கு எதிரே இயாகோவாக யாரை நிறுத்துகிறார் என்பதிலேயே ஓர் இயக்குநர் இந்த நாடகத்தை எப்படிப் படித்திருக்கிறார் என்பது பெரும்பாலும் வெளிப்பட்டுவிடுகிறது. தனியாகப் பார்ப்பவருக்கும் இந்த முறை உதவும் என்றாலும், பத்துப் பதினைந்து பேர் கூடிப் பார்ப்பதை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

நாடகத்திலிருந்து முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியவை

கதைச் சுருக்கம் நான்கு வரிகளுக்கு மேல் வேண்டியதில்லை. வெனிஸ் அரசின் படைத்தலைவனான ஒத்தெல்லோ கறுப்பினத்தவன். செனட்டர் பிரபான்ஷியோவின் மகள் டெஸ்டிமோனாவை அவளுடைய தந்தைக்குத் தெரியாமல் மணக்கிறான். தனக்கு வர வேண்டிய துணைத்தளபதிப் பதவி கேசியோவுக்குப் போய்விட்டதில் பொருமும் இயாகோ, டெஸ்டிமோனாவுக்கும் கேசியோவுக்கும் உறவிருப்பதாக ஒத்தெல்லோவை நம்பவைக்கிறான். அதற்கு ஒரு கைக்குட்டை சாட்சியாகிறது. மனைவியைக் கொன்ற பிறகு உண்மை தெரிந்து ஒத்தெல்லோ தன்னையும் மாய்த்துக்கொள்கிறான். 1565இல் வெளிவந்த சிந்தியோவின் இத்தாலியக் கதை ஒன்றிலிருந்து ஷேக்ஸ்பியர் இதை எடுத்தார். 1604 நவம்பரில் இங்கிலாந்து அரசவையில் நடிக்கப்பட்டதற்குப் பதிவு இருக்கிறது. தமிழில் இதை ‘உதயலன்’ ஆக்கிய அ. மாதவையா, வெனிஸுக்கு வந்த அந்நியனைக் கொற்கைச் சிங்களவனாக மாற்றினார். அந்நியன் என்பவன் யார் என்ற கேள்விக்கு ஒவ்வொரு மண்ணும் தன்னுடைய விடையைத்தான் சொல்லும் என்பதைப் படங்களுக்கு முன்பே அந்த மாற்றம் சொல்லிவிட்டது.

நடிகர் பட்டியலை எடைபோடுவதற்கு நாடகத்திலிருந்து மூன்று செய்திகள் போதும். முதலாவதாக, இயாகோ தன் வயதைத் தானே சொல்கிறான்: ஏழு ஏழாக நான்கு முறை, அதாவது 28. இரண்டாவதாக, தன் இளமை சரியத் தொடங்கிவிட்டதை ஒத்தெல்லோ தன் வாயாலேயே ஒப்புக்கொள்கிறான். ஆக நாடகத்தின்படி ஏமாற்றுபவன் இளையவன், ஏமாறுபவன் மூத்தவன். மூன்றாவதாக, நாடகம் ஒத்தெல்லோவின் பெயரைத் தாங்கியிருந்தாலும் அதில் அதிகம் பேசுபவன் இயாகோதான். இந்த மூன்றையும் தாளின் தலைப்பகுதியில் எழுதிவிடுங்கள். பிறகு வரும் ஒவ்வொரு படமும் இவற்றில் எதை மீறுகிறது என்று பார்ப்பதுதான் வேலை.

தாளை நிரப்புவது

எம்.சி. ரோட்டுக்குப் பக்கத்தில் எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கும் முழு அளவு சார்ட் பேப்பர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக ஒத்தெல்லோ, இயாகோ, டெஸ்டிமோனா, கேசியோ, இயாகோவின் மனைவி எமிலியா என்று ஐந்து பெயர்களை மட்டும் எழுதுங்கள். டெஸ்டிமோனாவை அடைய ஆசைப்பட்டு இயாகோவிடம் ஏமாறும் ரோடரிகோவையும் பிரபான்ஷியோவையும் சேர்க்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் யாராவது சொல்வார்கள். சேர்த்தால் தாள் நிரம்புமே தவிர எதுவும் கூடுதலாகத் தெரிவதில்லை. மேல்பக்கம் படங்களின் பெயர், ஆண்டு, இயக்குநர். ஒவ்வொரு கட்டத்திலும் நடிகரின் பெயரோடு அவர் பிறந்த ஆண்டையும், கூடியிருப்பவர்களுக்கு அவர் வேறு எந்த வேடத்தில் அறிமுகம் என்பதையும் எழுத வேண்டும். பிந்தையது முக்கியம். நடிகரின் பழைய வேடங்களையும் மனத்தில் சுமந்துகொண்டுதான் பார்வையாளர் புதிய படத்தைப் பார்க்கிறார். இயக்குநருக்கும் அது தெரியும்.

ஓர்சன் வெல்ஸ் இயக்கி, தானே ஒத்தெல்லோவாக நடித்த படத்திலிருந்து தொடங்குவோம். அது 1952இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவின் உச்சப் பரிசைப் பகிர்ந்துகொண்டது. வெல்ஸ் பிறந்தது 1915இல். இயாகோவாக நடித்த மிக்கேல் மக்லியாமோர் பிறந்தது 1899இல். அதாவது நாடகத்தின் கணக்கு இங்கே தலைகீழாகிறது. இயாகோ பதினைந்து வயதுக்கு மேல் மூத்தவர். இதற்குப் பின்னால் இன்னொரு செய்தியும் இருக்கிறது. பதினாறு வயதுப் பையனாக டப்ளின் நகரத்துக்குப் போன வெல்ஸுக்கு முதன்முதலில் தொழில்முறை மேடையைக் கொடுத்த கேட் நாடக அரங்கத்தை நடத்திவந்த இருவரில் ஒருவர்தான் இந்த மக்லியாமோர். மற்றவரான ஹில்டன் எட்வர்ட்ஸ் இதே படத்தில் பிரபான்ஷியோவாக வருகிறார். தன்னை வளர்த்துவிட்ட ஆசிரியரே காதில் நஞ்சை ஊற்றுவதைப் போன்ற ஓர் உணர்வு இந்தப் படத்தில் எனக்கு எப்போதும் ஏற்படுவதற்கு இந்தக் கட்டங்களே காரணம் என்று தாளை எழுதியபோதுதான் புரிந்தது. டெஸ்டிமோனாவின் கட்டத்தில் சூசன் க்ளூட்டியே என்று எழுதுங்கள். அவருக்கு முன்னால் வேறு நடிகைகள் வந்து போனார்கள் என்பதையும் குறியுங்கள். பணம் தீரும்போதெல்லாம் வெல்ஸ் பிறர் படங்களில் நடித்துச் சம்பாதித்து வந்து படப்பிடிப்பைத் தொடர்ந்ததால், மொராக்கோவிலும் இத்தாலியிலுமாக வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. உடைகள் வந்து சேராத ஒரு நாளில் ரோடரிகோவின் கொலையை நீராவிக் குளியலறையில், துண்டு கட்டிய ஆட்களோடு எடுத்துவிட்டார். படத்தின் மிகச் சிறந்த காட்சிகளில் அதுவும் ஒன்று.

அடுத்தது 1965இல் ஸ்டூவர்ட் பர்ஜ் இயக்கிய படம். லண்டன் தேசிய நாடக அரங்கின் மேடை நாடகத்தையே படமாக்கியது. ஒத்தெல்லோவாக லாரன்ஸ் ஒலிவியே, இயாகோவாக ஃபிராங்க் ஃபின்லே, டெஸ்டிமோனாவாக மேகி ஸ்மித், எமிலியாவாக ஜாய்ஸ் ரெட்மன், கேசியோவாக டெரிக் ஜேக்கபி. மேகி ஸ்மித்தின் கட்டத்தில் ‘ஹாரி பாட்டர்’ படங்களின் மெக்கோனகல் என்று எழுதினால் பள்ளிப் பிள்ளைகளின் கண் விரிவதைப் பார்க்கலாம். ஒலிவியே பிறந்தது 1907, மேகி ஸ்மித் 1934. கணவன் மனைவிக்கிடையே 27 ஆண்டுகள். முதல் நான்கு பேருக்கும் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. ஆனால் ஃபின்லேக்குக் கிடைத்ததோ துணை நடிகர் பிரிவில். நாடகத்தில் அதிகம் பேசும் பாத்திரம் துணைப் பாத்திரமாகிவிட்ட இந்த வேடிக்கையை நான் யாருக்கும் சொல்லாமல் விட்டதில்லை.

1995இல் ஆலிவர் பார்க்கர் இயக்கிய படத்தில் லாரன்ஸ் ஃபிஷ்பர்ன் ஒத்தெல்லோ, கென்னத் பிரானா இயாகோ, இரேன் ஜக்கோப் டெஸ்டிமோனா. ஃபிஷ்பர்னை ‘மேட்ரிக்ஸ்’ படத்தின் மார்ஃபியஸ் என்றால் எல்லோருக்கும் தெரிகிறது. இவருக்கும் பிரானாவுக்கும் எட்டு மாத வயது வித்தியாசம்கூடக் கிடையாது. இங்கே மூத்தவன் இளையவன் கணக்கே இல்லை. ஒரே வயதுடைய இரண்டு ஆண்களில் ஒருவனுக்கு எல்லாம் கிடைத்திருக்கிறது, மற்றவனுக்குக் கிடைக்கவில்லை. பிரானா ஒவ்வொரு சதியையும் நம் முகத்தைப் பார்த்தே பேசி நம்மையும் கூட்டாளியாக்கிக்கொள்வது இந்தச் சமவயதுப் பொறாமைக்கு நன்றாகப் பொருந்துகிறது.

சோவியத் படம் ஒன்று இருக்கிறது; செர்கேய் யுத்கேவிச் இயக்கியது, 1956இல் கான் விழாவில் அவருக்குச் சிறந்த இயக்குநர் விருது வாங்கித் தந்தது. செர்கேய் பொந்தார்ச்சுக்கும் இரீனா ஸ்கோப்ட்ஸேவாவும் கணவன் மனைவியாக நடித்துப் பின்னர் நிஜத்திலும் மணந்துகொண்டார்கள். கிடைத்தால் பாருங்கள், கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம்.

நம் பக்கத்து இரண்டு படங்கள்

ஜெயராஜ் இயக்கிய மலையாளப் படமான ‘களியாட்டம்’ 1997இல் வந்தது. இது வடகேரளத்தில் தெய்வ வேடமிட்டு ஆடும் சடங்கான தெய்யத்தை ஆடுபவர்களின் உலகம். ஒத்தெல்லோ இங்கே கண்ணன் பெருமலையன், நடித்தவர் சுரேஷ் கோபி. டெஸ்டிமோனா இங்கே தாமரை, நடித்தவர் மஞ்சு வாரியர். இயாகோ இங்கே பனியன், நடித்தவர் லால். பிஜு மேனன் கேசியோவின் இடத்திலும் பிந்து பணிக்கர் எமிலியாவின் இடத்திலும் வருகிறார்கள். சுரேஷ் கோபிக்குத் தேசிய விருதும் ஜெயராஜுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதும் கிடைத்தன. தாளில் எழுதும்போது கவனிக்க வேண்டியது, அதுவரை சுரேஷ் கோபி உரத்துப் பேசும் காவல் அதிகாரி வேடங்களால் பெயர்பெற்றிருந்தார் என்பதும், இயக்குநராக அறியப்பட்டிருந்த லாலுக்கு நடிகராக இதுவே முதல் படம் என்பதும்தான். பழக்கமான முகத்துக்கு எதிரே பழக்கமில்லாத முகம். 1997இல் படத்தைப் பார்த்தவர்களுக்கு லால் எந்த நேரத்தில் என்ன செய்வார் என்று ஊகிக்க எந்த முன்வேடமும் இல்லை. நமக்கோ நிலைமை வேறு. ‘சண்டக்கோழி’யின் வில்லனாகவும் ‘கர்ணன்’ படத்தின் பெரியவராகவும் அவரைப் பார்த்துவிட்டோம். மஞ்சு வாரியரை ‘அசுரன்’ வழியாக அறிந்திருக்கிறோம். அந்த அறிமுகத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டுப் பாருங்கள் என்று படத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

விஷால் பரத்வாஜின் ‘ஓம்காரா’ 2006ஆம் ஆண்டு இந்திப் படம். மேற்கு உத்தரப் பிரதேசத்தின் அரசியல் அடியாட்களுக்கிடையே நடக்கிறது. ஓம்காராவாக அஜய் தேவ்கன், லங்டா தியாகியாக சைஃப் அலி கான், டாலியாக கரீனா கபூர், கேசுவாக விவேக் ஓபராய், இந்துவாக கொங்கனா சென் சர்மா. அஜய் தேவ்கன் பிறந்தது 1969, சைஃப் 1970, மறுபடியும் சமவயது. ஆனால் இந்தப் பட்டியலின் சூட்சுமம் வயதில் இல்லை. அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் சைஃப் நகரத்துக் காதலனாகவும் சிரிக்கவைக்கும் நண்பனாகவும்தான் பேசப்பட்டுவந்தார். அவருடைய தலைமுடியை ஒட்ட வெட்டி, காலை நொண்டவைத்து, வாயில் வட்டார வசையை வைத்தபோது, கூட்டம் எதிர்பார்த்துவந்த இனிமையான ஆள் மறைந்துபோனார். இயாகோவை எல்லோரும் நேர்மையானவன் என்றே நாடகம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பார்வையாளருக்கு ஏற்கெனவே பிடித்துப்போன ஒரு நடிகரை அந்த இடத்தில் வைப்பது அந்தச் சொல்லைத் திரைக்கு வெளியேயும் வேலை செய்யவைக்கிறது. நான் பார்த்த இயாகோக்களில் முதலிடத்தை இவருக்குத்தான் கொடுப்பேன். பிரானாவை விரும்புபவர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம்.

எந்த வரிசையில் பார்ப்பது

ஆங்கிலத்தில் தொடங்க வேண்டாம். ‘களியாட்ட’த்தை முதலில் வையுங்கள், மலையாளம் ஓரளவு காதில் ஏறும், இரண்டு முகங்கள் ஏற்கெனவே தெரிந்தவை. அடுத்த வாரம் ‘ஓம்காரா’. கதை இரண்டு முறை மனத்தில் பதிந்த பிறகு பார்க்கரின் படத்துக்குப் போனால், ஷேக்ஸ்பியரின் வசனம் முழுவதும் புரியாவிட்டாலும் யார் யாரிடம் எதற்காகப் பொய் சொல்கிறார்கள் என்பது புரியும். வெல்ஸைக் கடைசியில் வையுங்கள். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே ஓடும் அந்தப் படம் இறுதி ஊர்வலத்தில் தொடங்குவதாலும், காட்சிகள் துண்டுதுண்டாக வெட்டப்பட்டிருப்பதாலும், கதை தெரியாதவர்களைத் தொலைத்துவிடும்; தெரிந்தவர்களுக்கோ மற்ற மூன்றையும்விட அதிகம் கொடுக்கும். ஒலிவியேயின் படம் இரண்டேமுக்கால் மணி நேரம். முழுவதும் போட வேண்டாம், அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

நடுவில் ஒரு மாலையை வேறு விதமாகச் செலவிடலாம். 1963இல் வந்த ‘இரத்தத் திலகம்’ படத்தில் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் ஒத்தெல்லோவாகவும் டெஸ்டிமோனாவாகவும் ஆங்கிலத்திலேயே நடிக்கும் காட்சி ஒன்று வருகிறது. இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால் வங்காளத்தில் வந்த ‘சப்தபதி’யில் உத்தம் குமாரும் சுசித்ரா சென்னும் கல்லூரி நாடகத்தில் இதே காட்சியை நடிக்கிறார்கள்; அங்கே கேட்கும் குரல்கள் உத்பல் தத்துடையவையும் ஜெனிஃபர் கெண்டலுடையவையும். இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்துப் போட்டால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். எங்கள் தெருவில் அதுவரை நூலகத்தின் பக்கமே வராத பெரியவர்கள் சிலர் சிவாஜிக்காக வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் இருவர் மறுவாரம் வெல்ஸுக்கும் வந்தார்கள்.

நிறத்தைப் பற்றிப் பேசாமல் தாண்ட முடியாது

ஒலிவியே வெள்ளையர், உடம்பு முழுக்கக் கருமை பூசிக்கொண்டு, நடையையும் குரலையும் மாற்றிக்கொண்டு நடித்தார். அன்று அதைச் சாதனை என்று புகழ்ந்தவர்கள் பலர். இன்று அதைப் பார்க்கவே கூசுகிறவர்களும் பலர். வெல்ஸும் பொந்தார்ச்சுக்கும் வெள்ளையர்களே. 1981இல் பிபிசிக்காக ஜொனாதன் மில்லர் எடுத்த தொலைக்காட்சி வடிவத்தில்கூட ஒத்தெல்லோவாக வந்தவர் ஆன்டனி ஹாப்கின்ஸ்தான். அவருக்கு எதிரே பாப் ஹாஸ்கின்ஸ் இயாகோ. கறுப்பின நடிகர்கள் இல்லாமல் போனதால் இப்படி நடந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஐரா ஆல்ட்ரிட்ஜ் 19ஆம் நூற்றாண்டிலேயே லண்டன் மேடைகளில் ஒத்தெல்லோவாக நின்றவர். பால் ராப்சன் 1943இல் நியூயார்க்கின் பிராட்வேயில் இந்த வேடத்தைத் தொடர்ந்து 296 முறை நடித்தார். ஒலிப்பதிவு இருக்கிறது, படமாக எவரும் எடுக்கவில்லை. தாளில் ராப்சனுக்காக ஒரு வெற்றுப் பத்தியை நான் விட்டுவைப்பதுண்டு. எடுக்கப்படாத படத்துக்கும் அந்தத் தாளில் இடம் வேண்டும். 1987இல் நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த தென்னாப்பிரிக்காவில், ஜொகானஸ்பர்க் மார்க்கெட் அரங்கில் ஜேனட் சஸ்மன் இயக்க, ஜான் கனி ஒத்தெல்லோவாக நடித்தார். அது பின்னர் தொலைக்காட்சிக்காகப் பதிவானது. பெரிய திரைப்பட நிறுவனம் ஒன்றின் தயாரிப்பில் கறுப்பின நடிகர் ஒருவர் ஒத்தெல்லோவானது 1995இல், ஃபிஷ்பர்னோடுதான் முதல்முறையாக நடந்தது.

ஆகவே ஒலிவியேயின் படத்திலிருந்து இரண்டு காட்சிகளை மட்டும், முன்னுரை சொல்லிவிட்டுப் போடுங்கள். முன்னுரை இல்லாமல் போட்டால் என்ன ஆகும் என்பதை நான் கண்டிருக்கிறேன். பின்வரிசையில் இருந்த பையன்கள் சிரித்தார்கள்; முன்வரிசையில் இருந்த ஒரு கறுத்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். தவறு என்னுடையது. வடசென்னைக்காரன் என்று காட்டுவதற்கு முகத்தில் கருமை ஏற்றி, கையில் கத்தியைக் கொடுத்து, வாயில் ஒரு மாதிரிப் பேச்சைத் திணிக்கும் படங்களைப் பார்த்து வளர்ந்த பகுதி இது. ஒருவருடைய நிறத்தை இன்னொருவர் பூசிக்கொண்டு நடிப்பதற்கு என்ன பொருள் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பேச்சைத் தொடங்கிவைக்க வேண்டும். ‘களியாட்டம்’ நிறத்துக்குப் பதிலாக அம்மைத் தழும்பை நாயகனின் முகத்தில் வைத்ததும், ‘ஓம்காரா’ நாயகனை அரை பிராமணன் என்று பிறர் இழிக்கும்படி தாயின் சாதியைக் கதைக்குள் கொண்டுவந்ததும் இந்தப் பேச்சில் இயல்பாக வந்து சேரும். எது சரியான மாற்று, எது தப்பித்தல் என்று கூட்டமே பிரிந்து வாதாடட்டும். தழும்பு தப்பித்தல்தான் என்பது என் கருத்து. தெய்யம் ஆடும் மனிதர்கள் ஒருநாள் தெய்வமாக வணங்கப்பட்டு மறுநாள் தீண்டப்படாதவர்களாக ஒதுக்கப்பட்டதே போதுமான காரணமாக இருந்திருக்கும்.

எல்லாப் படங்களிலும் நிறுத்திப் பார்க்க வேண்டிய இடங்கள்

மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சிதான் நாடகத்தின் முதுகெலும்பு. காட்சி தொடங்கும்போது மனைவியை நேசிக்கும் கணவன், அதே காட்சி முடியும்போது அவளைக் கொல்லத் துணிந்தவனாகிறான்; இடையில் நடப்பது வெறும் பேச்சு. கேசியோ விலகிப்போவதைப் பார்த்து, எனக்கு அது பிடிக்கவில்லை என்று இயாகோ வாய்க்குள் முணுமுணுப்பதிலிருந்து எல்லாம் தொடங்குகிறது. வெல்ஸ் இதன் தொடக்கத்தை மொராக்கோவின் கடற்கோட்டை மதில்மேல் இருவரையும் நடக்கவிட்டு, வெட்டாமல் நீளமாக எடுத்திருக்கிறார். ‘ஓம்காரா’வோ இதே சந்தேகத்தைத் திருமண நாள் குறித்துக் காத்திருக்கும் காலம் முழுக்கத் துளித்துளியாகச் சொட்டவைக்கிறது, கொலை முதலிரவில்தான் நடக்கிறது. இந்த ஒரு காட்சியை மட்டும் நான்கு படங்களிலிருந்தும் பிரித்து, ஒரே பென் டிரைவில் வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ஒத்தெல்லோ எந்த நொடியில் நம்பினான்? பதில்கள் நடிகருக்கு நடிகர் மாறும். ஃபிஷ்பர்ன் விஷயத்தில் எங்கள் கூட்டம் ஒரே இடத்தைச் சுட்டியது. அஜய் தேவ்கன் விஷயத்தில் ஐந்து பேர் ஐந்து இடங்களைச் சொன்னார்கள்.

கைக்குட்டையைப் பின்தொடர்வது அடுத்த வேலை. நாடகத்தில் ஒத்தெல்லோ அதன் கதையை இரண்டு விதமாகச் சொல்கிறான். முதலில், எகிப்தியப் பெண் ஒருத்தி தன் தாய்க்குக் கொடுத்த மந்திரத் துணி என்று டெஸ்டிமோனாவை மிரட்டுகிறான். கடைசிக் காட்சியில், தன் தந்தை தாய்க்குக் கொடுத்தது என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறான். படங்களில் இந்த முரண் தப்பிப் பிழைக்கிறதா என்று பாருங்கள். ‘களியாட்ட’த்தில் கைக்குட்டை பட்டாகிறது. ‘ஓம்காரா’வில் பரம்பரை ஒட்டியாணமாகிறது. லண்டன் ஜாஸ் இசைக்காரர்களை வைத்து 1962இல் பேசில் டியர்டன் எடுத்த படத்தில், வெட்டி ஒட்டிய ஒலிநாடா அந்த வேலையைச் செய்கிறது. பேட்ரிக் மெகூன் அங்கே இயாகோவாக இருக்கும் டிரம்ஸ்காரர். நம் தெருவில் இது என்னவாக இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். செல்போன் என்றுதான் முதல் குரல் வரும். ஒப்புக்கொள்ளாதீர்கள். மாமியாரின் கையிலிருந்து வந்த பாரம் செல்போனுக்குக் கிடையாது. கல்மண்டபத்திலிருந்து வந்திருந்த ஒரு அக்கா, அடகிலிருந்து மீட்டு வந்த மாமியாரின் கம்மல் என்று சொன்னார். அதைவிடச் சிறந்த விடையை நான் இதுவரை கேட்கவில்லை.

எமிலியாவின் கட்டத்தை எல்லோரும் கடைசியில்தான் பார்க்கிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கைக்குட்டையை எடுத்துக் கணவனிடம் கொடுப்பவளும் அவள்தான், உண்மையை உடைப்பவளும் அவள்தான். நாடகத்தில் அதற்காக இயாகோ அவளைக் குத்திக் கொல்கிறான். ‘ஓம்காரா’ இதைத் திருப்பிப்போட்டு, இந்துவின் கையாலேயே லங்டாவைச் சாகடிக்கிறது. கொங்கனாவுக்குத் துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்ததில் வியப்பில்லை. இத்தனை திறமையான நடிகையை அந்த இடத்தில் வைத்தபோதே முடிவு மாறப்போகிறது என்பதைப் பட்டியல் சொல்லிவிட்டது.

இடம், நேரம், அனுமதி

தண்டையார்பேட்டையின் அகஸ்தியா 2020இல் மூடப்பட்ட பிறகு, இந்தப் பகுதியில் திரை என்பது பெரும்பாலும் செல்போனின் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆகவே வெள்ளைத் துணி கட்டியாவது பெரிதாகக் காட்டுங்கள். மொட்டை மாடியைவிடச் சுவர் உள்ள அறை நல்லது. கொருக்குப்பேட்டைப் பக்கம் சரக்கு ரயில் போகும்போது வசனம் கேட்காது, ஆடி மாதத்தில் எந்தத் தெருவிலும் ஒலிபெருக்கிக்கு முன் எந்த ஷேக்ஸ்பியரும் நிற்க முடியாது. புரொஜெக்டரை வாடகைக்கு எடுப்பவர்கள் முதல் நாளே வாங்கி, லேப்டாப்போடு இணைத்துச் சோதித்துவிடுங்கள். ஒருமுறை எங்களுக்குக் கொடுக்கப்பட்ட வயர் பழுதாயிருந்ததால், வந்திருந்தவர்களை உட்காரவைத்து நாடகத்தின் முதல் அங்கத்தை வாசித்துக்காட்ட வேண்டியதாயிற்று. தமிழ் சப்டைட்டில் இல்லாத படங்களுக்கு ஆங்கில சப்டைட்டிலை வைத்துக்கொண்டு, முக்கியமான காட்சிக்கு முன்னால் படத்தை நிறுத்தி இரண்டு நிமிடம் தமிழில் சொல்லிவிடுவது போதும். காட்சி ஓடும்போதே மொழிபெயர்ப்பது எல்லோரையும் எரிச்சலூட்டும்.

காசிமேட்டு இளைஞர்களையும் சேர்த்துக்கொள்ள விரும்பினால், விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாட்களில் தொடரை வையுங்கள். அவர்கள் வருவதில் ஒரு தனிப் பயன் இருக்கிறது. இரண்டாம் அங்கத்தில், புயலுக்கு நடுவே ஒரு கப்பல் வந்துவிட, இன்னொரு கப்பலைக் காணாமல் கரையில் நின்று காத்திருக்கும் காட்சியை நம்மில் பலர் அவசரமாகக் கடந்துவிடுவோம். அவர்கள் கடக்க மாட்டார்கள். வியாசர்பாடியில் கால்பந்து ஆட்டம் இருக்கும் மாலைகளைத் தவிர்ப்பது உங்கள் கூட்டத்தின் நலனுக்கு.

கட்டணம் வாங்கவில்லை என்பதாலேயே எந்தப் படத்தையும் பொதுவில் போட்டுவிடலாம் என்று எண்ண வேண்டாம். இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் நீடிக்கும். பழைய படங்கள் அந்தக் காலத்தைத் தாண்டியிருக்கலாம். ‘களியாட்ட’மும் ‘ஓம்காரா’வும் தாண்டவில்லை. உரிமையாளரிடம் எழுதிக் கேளுங்கள், அல்லது கல்லூரி வகுப்பறைக்குள் மாணவர்களுக்காக நடத்த ஆசிரியர் ஒருவரைப் பிடியுங்கள்.

கடைசிப் பத்தி

தாளின் வலது ஓரத்தில் ஒரு பத்தியை ஆரம்பத்திலேயே கோடு போட்டு வெறுமையாக விட்டிருங்கள். தொடரின் கடைசி நாளில் அதன் மேல் ‘நம் தெரு’ என்று எழுதி, இந்தப் பகுதியிலேயே இந்த நாடகத்தைப் படமாக்கினால் யார் எந்த வேடத்துக்கு என்று கேளுங்கள். நடிகர்களின் பெயரையும் சொல்லலாம், தெரிந்தவர்களின் பெயரையும் சொல்லலாம். தெரிந்தவர் என்றால் அவர் அங்கேயே இருந்து சம்மதிக்க வேண்டும் என்று முன்கூட்டியே நிபந்தனை விதியுங்கள், இல்லாவிட்டால் இயாகோவின் கட்டத்தால் பெரிய தகராறு வரும். ஒரு பெயரைச் சொல்பவர், தாளின் தலைப்பகுதியில் உள்ள மூன்று செய்திகளில் எதை மீறுகிறார், ஏன் மீறுகிறார் என்பதையும் சொல்ல வேண்டும். எங்களிடம் மூன்று முறையும் இயாகோவின் கட்டம்தான் முதலில் நிரம்பியது. பத்துப் பேருக்குப் பத்து ஆட்கள் கைவசம் இருந்தார்கள். ஒத்தெல்லோவின் கட்டமோ கூட்டம் கலையும்வரை நிரம்பவில்லை. நம்மிடையே இருந்தும் நம்மவராக எண்ணப்படாதவர் யார் என்று உரக்கச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. அவசரப்படுத்தாதீர்கள். தாளை ஒரு வாரம் சுவரிலேயே விட்டுவையுங்கள். பக்கத்தில் ஸ்கெட்ச் பேனா ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள்.